மையக்கருத்து எங்கே வளர்கிறது? கேள்வி பதில்

கதையிலும் காப்பியத்திலும் மையக்கருத்து எப்படி வளர்கிறது என்பதைப் பற்றிக் கேளுங்கள். யாப்பு, பதிப்பகம், போட்டி விதிகள் பற்றிய கேள்விகளை அந்தந்தத் துறை தெரிந்தவர்களிடம் கேட்பதே நல்லது.

கேள்வி: ஐயா, நாவலைப் படித்து முடித்ததும் கதைச்சுருக்கம்தான் எழுத வருகிறது. மையக்கருத்தை எப்படிப் பிடிப்பது?

பதில்: சுருக்கம் எழுத வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதில் முதன்மைப் பாத்திரம் எடுக்கும் முடிவுகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். தானாக நடந்ததெல்லாம் வேண்டாம். ‘இங்கே வேறு மாதிரியும் செய்திருக்கலாம்’ என்று தோன்றும் இடங்கள் போதும். ஒரு நாவலில் நாலைந்து தேறும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எதை விட்டான், எதைப் பெற்றான் என்று குறித்துக்கொண்டு மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். ஒரே இழப்பு வேறு வேறு உருவில் திரும்பத் திரும்ப வரும். அந்த இழப்பைப் பற்றி நாவல் சொல்வதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். பாத்திரத்தின் பெயர் அதில் வரக்கூடாது, வினைச்சொல் கட்டாயம் வரவேண்டும். ‘பேராசை’ வெறும் தலைப்பு. ‘பேராசைக்காரன் முதலில் இழப்பது தன்னை நம்பியவர்களை’ என்பது கருத்து.

பிறகு சோதனை. தொடக்கம், நடு, முடிவு என்று 3 காட்சிகளை எடுத்து, வாக்கியம் மூன்றிலும் நிற்கிறதா என்று பாருங்கள். கடைசிக் காட்சிக்கு மட்டும் பொருந்தினால் நீங்கள் பிடித்தது முடிவின் நீதியை. அதற்கு முரணான காட்சி ஒன்று தட்டுப்பட்டால் அதைத் தள்ளிவிடாதீர்கள், உங்கள் வாக்கியத்தைத் திருத்துங்கள். பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குவது இங்கேதான்.

கேள்வி: கருப்பொருள், மையக்கரு, பாடுபொருள் எல்லாம் ஒன்றுதானா?

பதில்: இன்றைய வழக்கில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் புழங்குகின்றன. பாடுபொருள் மட்டும் எதைப் பற்றிப் பாடுகிறார் என்பதோடு நின்றுவிடும். ஆனால் ‘கருப்பொருள்’ என்று எழுதும்போது கவனம் வேண்டும். தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை போன்றவை. நிலமும் பொழுதும் முதற்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் உரிப்பொருள். நாம் இன்று ‘தீம்’ என்று சொல்வதற்கு நெருங்கி வருவது உரிப்பொருள்தான். கவிஞர் உரிப்பொருளை நேரே சொல்லாமல், கருப்பொருளின் வழியாக உணர்த்துகிறார். உள்ளுறை உவமமும் (ஒப்புமையை வெளியே சொல்லாமல் உள்ளே மறைத்து வைக்கும் உவமை) இறைச்சியும் (கருப்பொருளின் வழியே தோன்றும் குறிப்புப் பொருள்) அதற்கான வழிகள். கருத்தைப் பொருள்களின் மேல் ஏற்றி வளர்க்கும் முறைக்கு நம்மிடம் இவ்வளவு பழைய இலக்கணம் இருப்பதை, எழுதுகிறவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பிளீஸ், தீம் என்பதை ஒரே வார்த்தையில் எழுதினால் போதுமா?

பதில்: போதாது. முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு பொருளைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அது குறியீடாகிவிடுமா? எத்தனை முறை வரவேண்டும்?

பதில்: எண்ணிக்கையால் மட்டும் குறியீடு ஆகாது. ஒவ்வொரு முறையும் அந்தப் பொருள் உணர்த்தும் அர்த்தம் மாறவேண்டும். சிலப்பதிகாரத்தில் சிலம்பை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். 4ஆவது காதையில் (காதை என்பது காப்பியத்தின் அத்தியாயம்) கணவனைப் பிரிந்த கண்ணகியின் காலில் சிலம்பு இல்லை. பிரிவைச் சொல்ல அந்த வெறுங்காலே போதுமாயிருக்கிறது. 9ஆவது காதையில் கோவலன் திரும்பி வந்து, செல்வத்தைத் தொலைத்த வெட்கத்தைச் சொல்லும்போது, சிலம்பு இருக்கிறது, கொள்ளுங்கள் என்கிறாள். அணியாமல் கிடந்தது இப்போது புதுவாழ்வுக்கு முதலாகிறது. 16ஆவது காதையில், அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனின் கண்ணில் பட்டதும் அதே சிலம்பு திருட்டுக்குச் சான்றாகிக் கோவலனைக் கொல்கிறது. 20ஆவது காதையில் கண்ணகி அதை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, இதிலிருந்து தெறிப்பதோ மாணிக்கம். பொய்ச்சான்றாக இருந்தது மெய்ச்சான்றாகி அரசனின் உயிரை வாங்குகிறது.

பொருள் ஒன்று, வேலை நான்கு. எந்த இடத்திலும் ‘சிலம்பு நீதியின் சின்னம்’ என்று யாரும் விளக்கவில்லை. முதல் வருகையில் அது வெறும் நகைதான், காலில் இல்லை என்று இயல்பாகச் சொல்லப்படுகிறது, அவ்வளவே. அதுதான் முக்கியம். முதல் பக்கத்திலேயே கனமாக அறிமுகமாகும் குறியீட்டை வாசகர் நம்பமாட்டார். சிறுகதைக்கு 3 வருகை போதும்: இயல்பாக ஒன்று, நெருக்கடியில் ஒன்று, மாறிய அர்த்தத்தோடு ஒன்று.

கேள்வி: தலைப்பை வைத்தே தீம் சொல்லிவிடலாமா?

பதில்: கூடாது. தலைப்பு பொருளைச் சுட்டும், கருத்தைச் சொல்லாது. மறுபடியும் முதல் பதில்.

கேள்வி: என் சிறுகதை சுமார் 2,500 சொல். ‘பிரசங்கம் மாதிரி இருக்கிறது’ என்கிறார்கள். எங்கே வெட்டுவது?

பதில்: முதலில் கடைசிப் பத்தியை மறைத்துவிட்டுப் படியுங்கள். பெரும்பாலும் கதை அதற்கு முன்பே முடிந்திருக்கும். அடுத்து, கருத்தைப் பாத்திரம் வாயால் சொல்லும் வரிகளையெல்லாம் ஒரே நிறத்தில் குறியுங்கள். இரண்டுக்கு மேல் இருந்தால், மிஞ்சியதைச் செயலாக மாற்றுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். மூன்றாவது வேலைதான் கடினமானது: உங்கள் கருத்தை எதிர்க்கும் பாத்திரத்துக்குக் கதையிலேயே வலுவான வாதத்தைக் கொடுங்கள். எதிராளி முட்டாளாக இருக்கும்வரை எந்தக் கருத்தும் வளராது, அறிவிப்பாகவே நிற்கும்.

கேள்வி: எழுத்தாளர் கருத்தை முன்பே முடிவு செய்துகொண்டால் கதை செத்துப்போகும். அது தானாக வரவேண்டும். சரிதானே?

பதில்: பாதி சரி. முன்பே தெரிந்திருந்தாலும், கதைக்குள் அதை எதிர்க்க இடம் வைத்தால் கதை பிழைக்கும்.

கேள்வி (வேறொருவர்): மேலே கேட்டவருக்கு ஒரு எதிர்க்கேள்வி. சிலப்பதிகாரப் பதிகம், அதாவது நூலின் முன்னுரைப் பகுதி, மூன்று கருத்துகளை முன்னாலேயே அறிவிக்கிறதே! காப்பியம் செத்தா போயிற்று?

முன்பு கேட்டவர்: பதிகம் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்கிறார்களே. அப்படியானால் என் கட்சிதானே வெல்கிறது?

பதில்: இருவரும் கொஞ்சம் பொறுங்கள். பதிகம் பிற்சேர்க்கை என்று கருதும் அறிஞர்கள் உண்டு. யார் எழுதியிருந்தாலும், அது சொல்லும் மூன்றும் காதைகளுக்குள்ளேயே இருக்கின்றன: அரசியலில் பிழைத்தவர்க்கு அறமே கூற்றாகும் (எமனாகும்), பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை வந்து பலனை ஊட்டும். ஆனால் முதலாவதையும் மூன்றாவதையும் அருகருகே வைத்துப் பாருங்கள், இரண்டும் மோதுகின்றன. 23ஆவது காதையில் மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி வந்து, முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற பெயரோடு சங்கமன் என்ற வணிகனைக் கொல்வித்ததைச் சொல்கிறது. கோவலனைக் கொன்றது ஊழ் என்றால் பாண்டியனின் பிழை என்ன? பாண்டியனின் பிழை என்றால் ஊழுக்கு என்ன வேலை? தெய்வம் பேசுவதற்கு முன்பே, தானே கள்வன் என்று சொல்லி அரசன் விழுந்து இறந்துவிட்டான். ஊழைக் காட்டி அவன் தப்பிக்க நூல் வழிவிடவில்லை. இரண்டையும் கடைசிவரை பிடித்துக்கொண்டே போகிறது. முன்னறிவித்த கருத்துகூட இப்படித்தான் வளர்கிறது, இன்னொரு கருத்தோடு உரசி.

முன்பு கேட்டவர்: அப்படியென்றால் அது முரண்பாடு, குறை இல்லையா?

பதில்: எழுதியவர் கவனிக்காமல் விட்டிருந்தால் குறை. இங்கே தெய்வத்தையே வரவழைத்து ஒரு முழுக் காதையில் பேசவைத்திருக்கிறார். இது தெரிந்தே செய்தது. 20க்கும் 23க்கும் இடையே உள்ள காதைகளைப் படித்துவிட்டு வந்தால் மேலே பேசலாம்.

கேள்வி: எதுகை மோனை சரியாக அமைய என்ன செய்வது?

பதில்: அது யாப்பு. யாப்பு தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: ‘காதல்’தான் தீம் என்று எழுதினேன், மதிப்பெண் குறைந்துவிட்டது. ஏன்?

பதில்: இது இன்றைக்கு மூன்றாவது முறை. வினைச்சொல் இல்லை, அதனால்தான். காதலைப் பற்றி அந்தக் கதை என்ன சொல்கிறது? அதை எழுதுங்கள்.

கேள்வி: ஒரு சிறுகதையில் இரண்டு மையக்கருத்து இருக்கலாமா?

பதில்: இருக்கலாம், இரண்டும் ஒரே முடிவில் மோதினால். தனித்தனி முடிவு தேவைப்பட்டால் உங்கள் கையில் இருப்பது இரண்டு கதை.