பத்தாம் நாளில் எடுத்த ரத்தம்

கேள்வி: டாக்டர், எனக்கு 29 வயது. நான் நேசிக்கும் பெண்ணுடன் முதன்முறை உறவு கொண்டு மூன்று வாரம் ஆகிறது. ஆணுறை அணிந்திருந்தேன். மறுநாள் அவளே அழுதுகொண்டு சொன்னாள், நான்கு வருடமாகத் தனக்குப் பிறப்புறுப்பில் ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்று இருக்கிறது, டைப் 2, அன்றைக்குப் புண் எதுவும் இல்லாததால் பயமில்லை என்று நினைத்துவிட்டேன் என்று. பத்தாம் நாள் ரத்தம் கொடுத்தேன். எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் இரண்டு பரிசோதனையில் ஐஜிஜி நெகட்டிவ், ஐஜிஎம் லேசாகப் பாசிட்டிவ். எனக்கு வந்துவிட்டதா, இல்லையா? தூக்கமே போய்விட்டது.

பதில்: அந்த ரிப்போர்ட்டை மடித்து உள்ளே வையுங்கள். அதில் இருக்கும் இரண்டு வரியும் உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை.

முதலில் ஐஜிஜி. வைரஸ் உடம்புக்குள் நுழைந்ததும் எதிர்ப்புப் பொருள் உடனே ரத்தத்தில் வந்து நிற்காது. சிலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் தெரியும், சிலருக்கு அதைவிட வெகு நாளாகும், பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்துக்குள் வந்துவிடும். பத்தாம் நாள் நெகட்டிவ் என்றால் அந்த இரவுக்கு முன்பு உங்களுக்கு இது இருந்திருக்க வாய்ப்பில்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், அந்த இரவைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. சந்தேகப்படும் நாளிலிருந்து 12 வாரம் கழித்து, டைப் 1, டைப் 2 இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் ஐஜிஜி பரிசோதனையைச் செய்யுங்கள். நடுவில் வாரா வாரம் போய் ஊசி குத்திக்கொள்வதால் பயம்தான் வளரும்.

ஐஜிஎம்மை நான் எழுதித் தருவதே இல்லை. புதுத் தொற்றுக்கு மட்டும்தான் அது வரும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது, அது சரியில்லை. பழைய தொற்று மறுபடி தலைதூக்கும்போதும் வரும், எந்த டைப் என்று பிரித்துச் சொல்லாது, ஹெர்பீஸே இல்லாதவருக்கும் தப்பாகப் பாசிட்டிவ் காட்டும். இதை நம்பி எத்தனை பேர் அழுதுகொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

12 வாரம் சும்மா இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. தொற்று ஏற்பட்டு அறிகுறி வருவதாக இருந்தால் பெரும்பாலும் 2 முதல் 12 நாளுக்குள் வரும். முதலில் ஓரிடத்தில் குறுகுறுப்பு, எரிச்சல், அப்புறம் சிவந்த தோலில் கடுகு கடுகாக நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக எழும், ஓரிரு நாளில் உடைந்து மேலோட்டமான புண்ணாகும், சிறுநீர் பட்டால் சுரீரென்று எரியும். சிலருக்குக் காய்ச்சல், தொடை இடுக்கில் நெறிகட்டும். அப்படி எது தெரிந்தாலும், அது எத்தனையாவது நாளாக இருந்தாலும், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கொப்புளத்தின் அடியில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்து பிசிஆர் பார்த்தால் வைரஸே பிடிபடும், எந்த டைப் என்றும் தெரியும். புண் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு போனால் அந்த வாய்ப்பு நழுவிவிடும். மாத்திரையும் சீக்கிரம் ஆரம்பிக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். மூன்று வாரமாக உங்களுக்கு எதுவும் வரவில்லை என்றால் கொஞ்சம் நிம்மதி கொள்ளலாம், ஆனால் பலருக்கு அறிகுறியே இல்லாமல் தொற்றும் என்பதால் 12 வாரப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் தோழி பொய் சொல்லவில்லை. புண் இல்லாத நாளில் பரவாது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். டைப் 2 உள்ளவர்களுக்குப் புண் இல்லாத நாளிலும் சில நாட்களில் தோலில் வைரஸ் கசியும். ஆணுறை மூடாத தோலும் உரசுகிறது, அதனால் அது ஆபத்தைக் குறைக்குமே தவிர முழுதாகத் தடுக்காது. ஆனால் பயப்படுகிற அளவுக்கு எளிதில் ஒட்டிக்கொள்வதும் இல்லை. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவருக்கு மட்டும் டைப் 2 இருந்த 1,484 ஜோடிகளை எட்டு மாதம் கவனித்தார்கள். வெற்று மாத்திரை கொடுக்கப்பட்ட ஜோடிகளில் 3.6 சதவீதத்தில் துணைக்குத் தொற்றியது, தினமும் 500 மில்லிகிராம் வாலாசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எடுத்தவர்களின் ஜோடிகளில் 1.9 சதவீதம். எட்டு மாதம் சேர்ந்து வாழ்ந்தே இவ்வளவுதான் என்றால், ஆணுறையோடு ஒரு முறை என்பதை நீங்களே எடைபோட்டுப் பாருங்கள்.

மேற்கொண்டு சேர்ந்து வாழப்போகிறீர்கள் என்றால் இருவரும் ஒன்றாக டாக்டரைப் பாருங்கள். உங்கள் தோழி தினசரி அந்த மாத்திரையை எடுக்கலாமா என்று பேசுங்கள். குறுகுறுப்பு தொடங்கியதிலிருந்து புண் முழுதாக ஆறும் வரை உறவு வேண்டாம், மற்ற நாளில் ஆணுறை. நாளைக்கு உங்களுக்கும் வந்துவிட்டாலும் மருந்து இருக்கிறது, போகப் போகத் தாக்குதல்கள் குறைந்துகொண்டே போகும். சொல்ல பயமாக இருந்தும் மறுநாளே சொன்னாரே, அதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. மொத்த உடல் பரிசோதனையில் சேர்த்து எடுத்த எச்எஸ்வி-2 (ஹெர்பீஸ் டைப் 2) ஐஜிஜி 1.7, பாசிட்டிவ் என்கிறார்கள். வாழ்க்கையே முடிந்ததுபோல் இருக்கிறது.

பதில்: முடியவில்லை. பெரும்பாலான லேப்களில் 1.1-ஐத் தாண்டினாலே பாசிட்டிவ் என்று அச்சாகும். ஆனால் 3-க்குக் கீழே வரும் எண்களில் கணிசமானவை தவறான பாசிட்டிவ் என்று பிறகு தெரிய வருகிறது. அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனையைப் பொதுவாகப் பரிந்துரைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். அதே முறையில் மறுபடி எடுத்தால் அதே குழப்பம் வரலாம், வெஸ்டர்ன் பிளாட் போன்ற வேறொரு முறையில் உறுதிசெய்யக் கேளுங்கள். அந்த முடிவு கைக்கு வரும் வரை யாரையும் சந்தேகித்து ஒரு வார்த்தை பேசிவிடாதீர்கள்.