கண்ணுக்குள் ஊசி போடும் நர்ஸ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கண் பிரிவில் சிறப்புப் பயிற்சி முடித்து, கண்ணுக்குள் ஊசி போடும் வேலையைச் செய்து வருகிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிஸ்டர், அப்பாவுக்கு விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது. ஊசியை நர்ஸ்தான் போடுவாராம். நம்பி அனுப்பலாமா?

அனுப்புங்கள். நோயைக் கண்டுபிடிப்பதும் எந்த மருந்து, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்று முடிவெடுப்பதும் டாக்டர்தான். ஊசி போடுவது மட்டும் எங்கள் வேலை. 2006-ல் ரானிபிசுமாப் என்ற கண் ஊசி மருந்து புழக்கத்துக்கு வந்த பிறகு, ஒரே நோயாளி மாதாமாதம் ஊசிக்கு வர வேண்டியதாயிற்று. எல்லாருக்கும் டாக்டரே போடுவதென்றால் வரிசை நீளும். இந்த நோயில் தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் பார்வையைத் தின்னும். அதனால்தான் டென்மார்க், பிரிட்டன் போன்ற நாடுகளில் நர்ஸ்களைப் பழக்கினார்கள். அப்பாவுக்கு ஊசி போடப்போவது யார், எத்தனை ஊசி போட்டவர் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். அது உங்கள் உரிமை.

ரொம்ப வலிக்குமா? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். முதலில் சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரத்துப்போக வைப்போம். அப்புறம் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. கிருமியைத் தடுப்பதில் இதுதான் முக்கியம், கொஞ்சம் எரியும். இமை மூடாமலிருக்க ஒரு சின்னக் கிளிப் மாட்டுவோம். பலருக்கு ஊசியைவிட இதுதான் தொந்தரவு. கருவிழியின் ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியில் மயிரிழை போன்ற ஊசி இறங்கும். அந்த இடத்தில் குத்தினால் லென்ஸிலும் படாது, விழித்திரையிலும் படாது. உள்ளே போகும் மருந்து பெரும்பாலும் 0.05 மில்லிதான். ஊசி குத்துவது சில நொடிகளில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் பேசாதீர்கள், நாங்களும் பேச மாட்டோம். வாயிலிருந்து தெறிக்கும் கிருமிகூட ஆபத்து.

வீட்டுக்கு வந்தபிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

அன்று உறுத்தல், ஊசி போட்ட இடத்தில் ரத்தச் சிவப்பு, கண்முன் குமிழிகள் மிதப்பது எல்லாம் சகஜம். ஆனால் அடுத்த சில நாட்களில் வலி கூடினாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கண்ணுக்குள் கிருமி போவது சில ஆயிரம் ஊசிகளில் ஒன்றுக்குத்தான் நடக்கும். நடந்தால் சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடக்கூடும். உடனே ஓடி வாருங்கள்.

கண்புரை ஆபரேஷனையும் நர்ஸ் செய்வாரா?

பெரும்பாலான நாடுகளில் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் சில நாடுகளில், டாக்டர் அல்லாத பயிற்சி பெற்றவர்கள் செய்கிறார்கள். டிரக்கோமா என்ற கண் தொற்றுநோயால் இமை உள்பக்கம் சுருண்டு முடி கருவிழியை உரசும்போது, அதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை எத்தியோப்பியாவில் நர்ஸ்களும் செய்கிறார்கள். அங்கே கண் டாக்டர் வரும்வரை காத்திருந்தால் பார்வையே போய்விடும்.

நானும் நர்ஸ்தான். இதைக் கற்றுக்கொள்ள ஆசை, கை நடுங்குமோ என்று யோசனை.

முதலில் பக்கத்தில் நின்று நிறையப் பாருங்கள். அப்புறம் மாதிரிக் கண்ணில் பழகுங்கள், பிறகு டாக்டர் பார்த்திருக்கப் போடுங்கள். கை பழகிவிடும் தங்கை. கஷ்டமானது வேறு. இமையில் சீழ் கட்டியிருக்கும், அல்லது போன வாரம்தான் பக்கவாதம் வந்தது என்று பேச்சுவாக்கில் சொல்வார்கள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தாலும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். அந்தத் தைரியம் உங்களுக்கு இருந்தால் வாருங்கள்.