காணொலியில் மனநல ஆலோசனை: முதல் அமர்வுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை
வாசகர் கேள்விகளும் மனநல ஆலோசகரின் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, மனநல ஆலோசகரைச் செல்பேசி அல்லது கணினி வழியாக முதன்முறை சந்திக்கவிருப்பவர்களிடமிருந்து வந்தவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர்களைத் தவிர்த்துவிட்டேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு வயது 29. குழந்தை பிறந்து ஓராண்டாகிறது. சரியான தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆலோசகர் யாரும் இல்லாததால், சென்னையில் இருக்கும் ஒருவரிடம் காணொலியில் பேச அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். என்ன கேட்பார்கள்? எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லியாக வேண்டுமா? பேசும்போது அழுதுவிட்டால் என்ன செய்வது? – வாசகி, தென்காசி மாவட்டம்.

பதில்: அழுதுவிட்டால் அழுங்கள், அம்மா. திரைக்கு அப்பால் இருப்பவர் அதைக் கண்டு பதறமாட்டார். அவசர ஆறுதல் சொல்லி உங்கள் பேச்சை நிறுத்தவும் மாட்டார். அழுகை அடங்கும்வரை காத்திருப்பது எங்கள் வேலையில் அடக்கம். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் ஒரு துண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அமர்வுக்கு முன்பே உங்களுக்கு ஒப்புதல் படிவம் ஒன்று வரும். கட்டணம், நேரத்தை மாற்றுவதற்கான விதி, உங்கள் தகவல் எப்படிக் காக்கப்படும் என்பது, அவசரத்துக்கு அழைக்க ஒருவருடைய எண் ஆகியவை அதில் இருக்கும். அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்ததும் பலர் தயங்குகிறார்கள். வீட்டாரிடம் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம்தான் காரணம். உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் நிலையில் அழைப்பதற்காகவே அந்த எண் கேட்கப்படுகிறது. அது கணவருடையதாகவோ மாமியாருடையதாகவோ இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் நம்பும் அக்காவோ தோழியோ போதும்.

சிலர் ஒரு வினாத்தாளையும் அனுப்புவார்கள். மனச்சோர்வின் அளவை அறிய உலகெங்கும் பரவலாகப் பயன்படும் பி.எச்.க்யூ-9 என்ற தாளில் 9 கேள்விகள் உண்டு. கடந்த 2 வாரங்களில் தூக்கம், பசி, சோர்வு, எதிலும் நாட்டமின்மை போன்றவை எத்தனை நாள்கள் உங்களைத் தொந்தரவு செய்தன என்பதற்கு, ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, இறந்துபோனால் நல்லது என்றோ உடலைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. இந்த ஓர் இடத்தில் மட்டும் மனதில் உள்ளதை மறைத்து 0 என்று குறிப்பவர்கள் பலர். தயவுசெய்து உண்மையைக் குறியுங்கள். அப்படி ஓர் எண்ணம் வந்தது என்று சொன்னதற்காக யாரும் உங்களைக் குற்றவாளியாகப் பார்க்கமாட்டார்கள். எந்த அளவுக்குப் பாதுகாப்பு தேவை என்பதை ஆலோசகர் அறிந்துகொள்ள அந்த ஒரு விடை மிக அவசியம். சில வாரங்கள் கழித்து அதே தாளை மீண்டும் நிரப்பும்போது, முன்னேற்றம் இருக்கிறதா என்பதும் தெரியவரும்.

அழைப்பு இணைந்ததும் முதலில் வருபவை எளிய கேள்விகள்தாம். என் குரல் தெளிவாகக் கேட்கிறதா? இப்போது எந்த ஊரில், எந்த முகவரியில் இருக்கிறீர்கள்? அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா? இணைப்பு அறுந்துபோனால் நான் உங்களை அழைக்கட்டுமா, நீங்கள் அழைக்கிறீர்களா? முகவரியைக் கேட்பதைத் துருவுதலாக நினைக்காதீர்கள். நேரில் வந்தவருக்கு மயக்கமோ கடும் பதற்றமோ ஏற்பட்டால் எழுந்து போய்க் கையைப் பிடிக்கலாம். 600 கிலோமீட்டர் தள்ளி இருப்பவரால் அது முடியாது என்பதால், உதவி அனுப்புவதற்கு இடம் தெரிந்திருக்க வேண்டும்.

அதன்பின் அநேகமாக, “என்ன காரணத்துக்காகப் பேச வேண்டும் என்று தோன்றியது?” என்று கேட்பார். இதற்குக் கோவையான விடை தேவையில்லை. வீட்டில் பேசும் பேச்சிலேயே, எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். தொடர்ந்து அவர் கேட்கும் சில கேள்விகள் உங்களுக்குத் தொடர்பில்லாதவை போலத் தோன்றலாம். படுத்த பிறகு தூக்கம் வரவே நேரமாகிறதா, அல்லது விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்து அதன்பின் தூக்கம் பிடிப்பதில்லையா? குழந்தை தூங்கும் நேரத்திலாவது உங்களால் தூங்க முடிகிறதா? பிரசவத்துக்குப் பின் ரத்தப் பரிசோதனை செய்தீர்களா? தைராய்டு சுரப்புக் குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வை ஒத்த களைப்பைத் தரக்கூடியவை. பிரசவத்துக்குப் பின் இரண்டுமே பரவலாகக் காணப்படுபவை. ஆகவே முதலில் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்று அவர் சொன்னால், உங்கள் துயரத்தை அவர் உடல் கோளாறு என்று ஒதுக்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு உண்மையான, குணப்படுத்தக்கூடிய நோய். கவனிக்காமல் விட்டால் குழந்தை பிறந்து ஓராண்டு கடந்தும் அது நீடிப்பது உண்டு.

எல்லாவற்றையும் முதல் நாளே சொல்ல வேண்டியதில்லை. “அதைப் பற்றி இப்போது பேச எனக்கு விருப்பமில்லை” என்ற ஒரு வாக்கியம் போதும். நல்ல ஆலோசகர் அந்த இடத்தில் நின்றுவிடுவார். காணொலியில் இன்னொன்றும் நேரும். நீங்கள் பேசி முடித்ததும் அவர் சில நொடிகள் மௌனமாக இருப்பார். நேரில் அது இயல்பாக இருக்கும். திரையில் இணைப்பு நின்றுவிட்டதோ, தவறாக எதையாவது சொல்லிவிட்டோமோ என்று மனம் அடித்துக்கொள்ளும். தயங்காமல், “கேட்கிறதா?” என்று கேட்டுவிடுங்கள்.

45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நீளும் அந்த அமர்வின் முடிவில், உங்கள் நிலையைத் தாம் எப்படிப் புரிந்துகொண்டார், எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கலாம், எதை நோக்கிச் செல்லப்போகிறீர்கள் என்பதை அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். தீர்வை அன்றே எதிர்பார்க்காதீர்கள். முதல் சந்திப்பிலேயே உங்கள் குடும்ப விவகாரத்துக்குத் தீர்ப்பு எழுதித் தருபவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. பேசி முடித்த அன்று இரவு மனம் லேசாவதற்குப் பதிலாக இன்னும் கனத்துப்போவதும் உண்டு. நெடுநாள் அடக்கிவைத்ததைத் தொட்டதால் வரும் கனம் அது. அடுத்த அமர்வில் அதை முதல் செய்தியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறோம். நான் என்ன பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும். எனக்குக் காணொலி ஆலோசனை சாத்தியமா? – வாசகர், திருப்பூர்.

பதில்: சாத்தியம்தான், ஆனால் ஏற்பாடு தேவை. காணொலி ஆலோசனையின் மிகப் பெரிய குறை, மூடிய அறையைத் தரும் பொறுப்பு ஆலோசகரிடமிருந்து உங்களிடம் வந்துவிடுவதுதான். வசதி உள்ளவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல; உங்களைப் போன்றவர்களுக்கு இதுவே முதல் தடையாகிவிடுகிறது.

என்னிடம் பேசியவர்களில், மதிய ஷிஃப்டுக்கு முன் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அமர்ந்து பேசியவர் உண்டு. நண்பரின் கடையை அடைத்திருக்கும் மதிய வேளையில் உள்ளே உட்கார்ந்து பேசியவரும் உண்டு. எந்த இடமாக இருந்தாலும் காதில் மாட்டும் இயர்ஃபோனைப் பயன்படுத்துங்கள். ஆலோசகர் கேட்பது அடுத்தவருக்குத் தெரியாதபோது, உங்கள் பதில்களின் பொருளும் பாதி மறைந்துவிடும். அறைக்கு வெளியே மின்விசிறியையோ வானொலியையோ ஓடவிட்டால் பேச்சுச் சத்தம் அமுங்கும். யாராவது பக்கத்தில் வந்துவிட்டால் சொல்வதற்கென்று ஒரு சொல்லை முதல் அமர்விலேயே ஆலோசகருடன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். “நாளைக்கு லோடு வருமா?” என்று நீங்கள் கேட்டதும் அவர் பேச்சை மாற்றிவிடுவார். சொல்ல முடியாத வரிகளைத் தட்டச்சு செய்து அனுப்பவும் பெரும்பாலான செயலிகளில் வழி உண்டு.

வண்டி ஓட்டிக்கொண்டே பேசுவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். நேரமில்லை என்று சிலர் அப்படித் தொடங்குகிறார்கள். நான் உடனே நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

பேசி முடித்ததும் பத்து நிமிடமாவது அங்கேயே இருங்கள். நேரில் வருபவர்களுக்கு வீடு திரும்பும் பேருந்துப் பயணம் அந்த இடைவெளியைக் கொடுத்துவிடுகிறது. உங்களுக்கோ அழைப்பைத் துண்டித்த அடுத்த கணமே வீடு, வேலை, பிள்ளைகள் என்றாகிவிடும்.

கேள்வி: நான் சொல்வது என் பெற்றோருக்குத் தெரிந்துவிடுமா? அமர்வைப் பதிவு செய்வார்களா? – கல்லூரி மாணவி, வயது 19, மதுரை.

பதில்: உங்களுக்கு 18 வயது முடிந்துவிட்டதால், உங்கள் அனுமதியின்றிப் பெற்றோரிடம் எதையும் சொல்லக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு, சிகிச்சை தொடர்பான தகவல் ரகசியமாகக் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. அதே சட்டம் விதிவிலக்குகளையும் சொல்கிறது: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்ற நிலை, நீதிமன்ற ஆணை போன்றவை. இவற்றுடன் இன்னொன்றையும் அறிந்திருங்கள். 18 வயதுக்குட்பட்ட ஒரு குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாவது தெரியவந்தால், போக்சோ சட்டம், 2012-இன்படி அதை யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆலோசகருக்கும் விலக்கு இல்லை. இந்த எல்லைகளை முதல் அமர்விலேயே உங்களுக்கு விளக்க வேண்டியது அவருடைய கடமை.

உங்கள் ஒப்புதலின்றிப் பதிவு செய்யக் கூடாது. நீங்களும் அவருக்குத் தெரியாமல் பதிவு செய்யாதீர்கள். ரகசியம் கசிவது பெரும்பாலும் நம் செல்பேசியிலிருந்துதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். நேரத்தை உறுதிசெய்யும் குறுஞ்செய்தி பூட்டிய திரையில் பளிச்சென்று தெரியும். கட்டணம் செலுத்திய விவரம் அப்பாவின் வங்கிக் கணக்கில் நிற்கும். இந்த இரண்டையும் முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்காக இணையத்தில் தேடினால் ஏராளமானோர் தங்களை ஆலோசகர் என்கிறார்கள். தகுதியானவரை எப்படி அறிவது? மாத்திரையும் அவர்களே தருவார்களா? – வாசகர், தஞ்சாவூர்.

பதில்: மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டத்துக்குப் பின் மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர், மருந்து எழுதித்தரும் அதிகாரம் அவருக்கு உண்டு. 2020 மார்ச்சில் வெளியான தொலை மருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின்படி அவர் காணொலியில் பார்த்தும் மருந்து எழுதலாம். சில மருந்துகளுக்கு மட்டும் கட்டுப்பாடு உண்டு. மருத்துவ உளவியலாளர் என்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர். அவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு மன்றத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை படித்துப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் மூன்றாவது வகையினர். இவர்களுக்கான முறையான பதிவு ஏற்பாடு, 2021-இல் வந்த சுகாதாரத் துணைத் தொழில்கள் சட்டத்துக்குப் பின்னர்தான் உருவாகத் தொடங்கியது. ஆகவே எங்கே படித்தார், எத்தனை ஆண்டு அனுபவம், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. இந்தக் கேள்விக்குக் கோபப்படுபவரை விட்டுவிடுங்கள். உளவியலாளரோ ஆலோசகரோ மருந்து எழுதித்தர முடியாது. தேவையானால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

கட்டணம் சுமையாக இருந்தால் முதலில் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்ற அரசுச் சேவை இது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவும் உங்களுக்கு உண்டு.

கேள்வி: எதிரே உட்கார்ந்து பேசுவதற்கு இது ஈடாகுமா? – வாசகி, கோயம்புத்தூர்.

பதில்: பதற்றம், மிதமான மனச்சோர்வு போன்றவற்றுக்குக் காணொலி வழிச் சிகிச்சை ஏறக்குறைய நேர்ச் சந்திப்புக்கு இணையான பலனைத் தருவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. பெருந்தொற்றுக்குப் பிறகு வந்த வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. மனச்சிதைவு நோய்க்கான ஆய்வும் சிகிச்சையும் செய்யும் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010 வாக்கிலேயே, புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்குப் பேருந்து ஒன்றை அனுப்பி, அதற்குள் அமர்ந்த நோயாளிகளைச் சென்னையிலிருந்த மருத்துவர்கள் காணொலியில் பார்க்கவும், எழுதிய மருந்தை அந்தப் பேருந்திலேயே வழங்கவும் ஏற்பாடு செய்தது. தீவிர மனச்சிதைவு நோய் உள்ளவர்களும் அப்படிச் சிகிச்சை பெற்றார்கள். ஆனால் அங்கே நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் இருந்தார் என்பதை மறக்கக் கூடாது.

வீட்டில் தனியாக இருப்பவருக்குத் தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ, மதுவை நிறுத்தியதும் நடுக்கம் கண்டாலோ காணொலியை நம்பியிருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், அவசரமெனில் 108. கணவரோ வேறு யாரோ செல்பேசியைக் கண்காணித்து அடிக்கும் வீட்டில் இருப்பவருக்கும் காணொலி பாதுகாப்பானதல்ல. அவர்கள் பெண்கள் உதவி எண் 181-ஐ வெளியிலிருந்து அழைப்பதே நல்லது.

கேள்வி: மூன்று அமர்வுகள் முடிந்துவிட்டன. அவர் நல்லவர்தான், ஆனாலும் என்னால் மனம்விட்டுப் பேச முடியவில்லை. வேறொருவரிடம் போனால் தவறாக நினைப்பாரா? – வாசகர், சேலம்.

பதில்: நினைக்கமாட்டார், நினைத்தாலும் அது உங்கள் கவலை அல்ல. ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். அடுத்த அமர்வின் தொடக்கத்திலேயே, “உங்களிடம் பேசும்போது எனக்கு ஏதோ தடையாக இருக்கிறது” என்று சொல்லுங்கள். அவர் அதிகம் பேசுகிறாரா, வேகமாகப் போகிறாரா, உங்கள் அப்பாவின் வயதில் இருப்பதால் கூச்சமா என்பது அந்தப் பேச்சில் வெளிப்படும். பாதிப் பேருக்கு அதிலேயே தடை நீங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நீங்காவிட்டால், உங்களுக்குப் பொருந்தக்கூடிய வேறு ஒருவரைப் பரிந்துரைக்கும்படி அவரிடமே கேட்கலாம். இதுவரை எடுத்த குறிப்புகளின் சுருக்கத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதியவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிராது.