வாசகர் கேள்வி பதில்: 16 கே பிக்அப் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணே. ஆன்லைன்ல கிட் வாங்கி நானே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் பூட்டி முடிச்சிட்டேன். ஸ்ட்ராட் ஷேப், பாடி ரப்பர் மரம். கம்பி அதிர்வ கரண்டா மாத்துற பிக்அப் மூணு: நெக் பக்கமும் நடுவுலயும் சிங்கிள் காயில் (ஒரே சுருள்), பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (ரெட்டைச் சுருள்). மத்த ரெண்டும் பரவால்ல, பிரிட்ஜ் பிக்அப்தான் சகிக்கல, தகரத்த தட்டுன மாதிரி மெல்லிசா சத்தம், டிஸ்டார்ஷன் போட்டு ஸ்பீக்கர் பக்கம் போனா கீச்சுன்னு கத்துது. எங்க குழு கல்யாணம், கோயில் திருவிழான்னு வாசிக்குது, பாதி இளையராஜா பாட்டு, நடுநடுவுல மலாய் ராக். கூட்டாளி ஒருத்தன் 16 கே (கிலோ ஓம்) செராமிக் மேக்னட் ஹம்பக்கர் போடு, கே ஏற ஏற பவர் ஏறும்கிறான். கையில 250 வெள்ளி இருக்கு. வாங்கலாமா? ரப்பர் மரம்கிறதாலதான் இப்படி கேக்குதா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: 16 கே வேணாம் தம்பி. உங்க கிட்டாருக்கு 8, 9 கே அளவுல ஒரு அல்நிகோ 5 மேக்னட் ஹம்பக்கர் போதும். அதையும் இன்னைக்கே வாங்காதீங்க, முதல்ல இருக்கிற பிக்அப்ப ஒரு தடவ சோதிச்சுப் பாருங்க.

கேபிள கிட்டார்ல சொருகி, செலக்டர பிரிட்ஜுக்கு தள்ளி, வால்யூம முழுசா வச்சு, கேபிளோட மறுமுனை பிளக்குல நுனியில ஒரு முள்ளு, தண்டுல ஒரு முள்ளுன்னு மல்டிமீட்டர 20 கே-ல வச்சுப் பாருங்க. ஹம்பக்கர்னா 7, 8 வரணும். 4 காட்டுனா ஒரு காயில்தான் வேல செய்யுது, 2 காட்டுனா ரெண்டு காயிலும் பேரலல்ல (தொடரா இல்லாம பக்கம் பக்கமா) மாட்டியிருக்கு. நம்பர் சரியா இருந்தும் சத்தம் உள்ளீடில்லாம மெலிஞ்சு போயிருந்தா ஒரு காயில் தலைகீழா இணைஞ்சிருக்கலாம். கிட்ல வர்ற ஒயருங்கள்ல இது நடக்கிற விஷயம்தான், சோல்டர் ஈயம் செலவோட முடிஞ்சிடும்.

அடுத்தது ஸ்க்ரூடிரைவர் பிடியால பிக்அப்ப லேசா தட்டுங்க. ஸ்பீக்கர்ல டொக்கு டொக்குன்னு பலமா கேட்டுச்சுன்னா உள்ள கம்பி மெழுகுல ஊறல, தளர்வா ஆடுது. உங்க கீச்சு சத்தம் அங்கருந்துதான் வருது, அதுக்கு மாத்துறதுதான் நல்லது. அடுப்புல மெழுகு காய்ச்சி நீங்களே ஊற வைக்கிற வேலைக்கு போகாதீங்க, மெழுகு தீப்பிடிக்கும்.

இப்ப கே விஷயம். அது காயில் கம்பியோட ரெசிஸ்டன்ஸ், பவர் இல்ல. கம்பி மெல்லிசானா சுத்து ஏறாமலே அந்த நம்பர் ஏறும். பழைய பாணி ஹம்பக்கர்ல 42 கேஜ் கம்பி, 16 கே காட்டுறதுல பெரும்பாலும் அதவிட சன்னமான 43 இல்லன்னா 44 கேஜ், அப்புறம் அது ரெண்டையும் பக்கத்துல வச்சு எப்படி ஒப்பிடுறது? சுத்து கூடுனா சத்தம் கூடும்கிறது உண்மைதான், ஆனா காயிலோட இண்டக்டன்ஸும் (கரண்டு மாறுறத எதிர்க்கிற குணம்) சேர்ந்து ஏறி, மேல இருக்கிற தெளிவு மங்கி நடுப்பகுதி தடிச்சு நிக்கும். இளையராஜா பாட்டுல கிட்டார் எவ்வளவு பளிச்சுன்னு, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா கேக்கும்னு உங்களுக்கு தெரியும், அத 16 கே-ல கொண்டு வர்றது பெரிய பாடு.

கிப்சன் கிட்டார் கம்பெனியில சேத் லவர் 1955-ல ஹம்பக்கருக்கு பேடண்ட் கேட்டப்ப அவர் தேடுனது இரைச்சல் இல்லாத பிக்அப், பவர் இல்ல. ரெண்டு காயில எதிரெதிரா சுத்தி, மேக்னட் முனையையும் எதிரெதிரா வச்சா கரண்டு இரைச்சல் ஒன்னையொன்னு அடிச்சுக்கும், கம்பி சத்தம் மட்டும் கூடும். அதிரடி பிக்அப் பிறகுதான் வந்துச்சு, 1972-ல டிமார்சியோ கம்பெனி போட்ட சூப்பர் டிஸ்டார்ஷன் அதுல முன்னோடி, வால்வு ஆம்ப முட்டித் தள்ளி டிஸ்டார்ஷன் வரவைக்க அப்படி ஒன்னு தேவைப்பட்டுச்சு. இன்னைக்கு உங்க காலடியில பெடல் இருக்கு, அந்த வேலைய அது செய்யும், மலாய் ராக்குக்கும் அது தாராளமா போதும்.

இன்னொன்னு, இதுதான் எனக்கு பெருசா படுது. உங்க சிங்கிள் காயில் ரெண்டும் அனேகமா 6 கே பக்கம்தான் இருக்கும். பிரிட்ஜுல 16 கே போட்டா, பாட்டு நடுவுல செலக்டர தள்ளுனதும் சத்தம் எகிறி பாடுறவர மூழ்கடிச்சிடும், திரும்ப நெக்குக்கு வந்தா கிட்டார் காணாம போயிடும். மேடையில அத யாரு சரிபண்றது? அதுக்காக நெக்குக்குன்னு செஞ்ச ஹம்பக்கர வாங்கி பிரிட்ஜுல போட்டுடாதீங்க, பிரிட்ஜ் பக்கம் கம்பி கொஞ்சமாத்தான் ஆடும், அத ஈடுகட்டத்தான் பிரிட்ஜுக்குன்னு கொஞ்சம் கூட சுத்தி செய்யறாங்க. பெட்டியில பிரிட்ஜுன்னு போட்டிருக்கறத கேட்டு வாங்குங்க.

டங்கன், டிமார்சியோ புதுசு உங்க 250 வெள்ளிய தாண்டிடும். ஆர்டெக், வில்கின்சன் மாதிரி பிராண்டுல பாருங்க, இல்ல செகண்ட்ஹேண்ட்ல தேடுங்க. நாலு ஒயர் வர்றதுதான் வேணும், அப்பத்தான் நடு பிக்அப்போட சேத்து வைக்கறப்ப ஃபேஸ் அடிச்சுகிட்டா (ரெண்டு சத்தமும் எதிரெதிரா போய் மெலிஞ்சா) மாத்தி சோல்டர் பண்ண முடியும். கலர் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற, கூட வர்ற தாள தூக்கிப் போட்டுடாதீங்க. பிக்அப் மேல முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் உள்ள அகலத்த அளந்துக்குங்க, 50 மில்லின்னா சாதா அளவு, 52, 53 மில்லின்னா எஃப் ஸ்பேசிங்னு சொல்ற அகல அளவு. ஒரு மில்லி முன்னபின்ன இருந்தா கவலப்படாதீங்க, காதுக்கு தெரியாது.

பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில இருக்கிற மாத்துற ரெசிஸ்டர்) 500 கே இருக்கட்டும், சிங்கிள் காயில் ரெண்டும் ரொம்ப கூர்மையா கேட்டா அதுங்களுக்கு மட்டும் பேரலல்ல ஒரு 470 கே ரெசிஸ்டர் போட்டா 250 கே பாட் மாதிரி அடங்கிடும்.

மாட்டுனதும் உயரம். கடைசி ஃபிரெட்ட அமுக்கிகிட்டு சன்னக் கம்பி பக்கம் ஒன்னரை மில்லி, தடிச்ச கம்பி பக்கம் 2 மில்லியில ஆரம்பிங்க, அப்புறம் காது சொல்ற பக்கம் திருகுங்க. பாதி சத்தம் இந்த ரெண்டு ஸ்க்ரூவுல இருக்கு தம்பி, நெறய பேரு இத தொடாமலே பிக்அப்ப வித்துடுறாங்க.

ரப்பர் மரத்த குறை சொல்லாதீங்க. 25, 30 வருஷம் பால் கொடுத்து ஓஞ்சப்புறம் வெட்டுற மரம், மருந்து ஏத்தி காயவச்சு நல்ல நல்ல மேசை நாற்காலியெல்லாம் அதுலதான் செய்யறாங்க, கெட்டியான மரம், ஸ்க்ரூ நல்லா பிடிக்கும். நம்ம தோட்டத்து ஆளுங்க சீவுன மரத்துல ஒரு கிட்டார் நிக்கறது எனக்கு பெருமையாத்தான் இருக்கு. உங்க தகரச் சத்தம் மரத்தால வரல.

கேள்வி: திருவிழா மேடையில கிட்டார் கம்பிய பிடிச்சுகிட்டு மைக்குல உதடு பட்டா சுருக்குன்னு அடிக்குது. பிக்அப் ஒயரிங் கோளாறா?
- வாசகர், பீடோர்

பதில்: பிக்அப் இல்லீங்க. கிட்டார் கம்பி பிரிட்ஜ் வழியா ஆம்ப் எர்த்தோட சேந்திருக்கும், மைக் வேற லைன்லருந்து வர்ற மிக்சரோட எர்த்ல இருக்கும், ரெண்டுல ஒன்னு எர்த் இல்லாம கிடந்தா நீங்க நடுவுல மாட்டிக்கிறீங்க. ஜெனரேட்டர்ல ஓட்டுற மேடையில இத ரொம்ப கவனிக்கணும். ஆம்ப், மிக்சர் ரெண்டையும் எர்த் சரியா உள்ள ஒரே பாயிண்ட்லருந்து எடுக்கச் சொல்லுங்க, மூணு முள்ளு பிளக்குல எர்த்த யாரும் கழட்டி விட்டிருக்காங்களான்னு பாருங்க, எலெக்ட்ரீஷியன் மீட்டர் வச்சு பாத்துட்டு சரின்னு சொல்ற வரைக்கும் அந்த மேடையில கிட்டார் வாசிச்சுகிட்டே பாடாதீங்க.