துருக்கியில் கையைக் கடிக்காமல் சாப்பிட: வாசகர் கேள்விகள்

இஸ்தான்புல்லில் ஐந்து நாள் தங்குகிறோம், அறை சுல்தானகமெத்தில். அங்கே சாப்பாடு விலை அதிகம் என்கிறார்களே?

உண்மைதான். வாசலில் ஆள் நின்று கூப்பிடும் கடைகளைத் தாண்டிப் போங்கள். நீங்கள் தேட வேண்டியது ‘எஸ்னாஃப் லோகந்தாசி’. கடைக்காரர்களும் தொழிலாளிகளும் மதியம் சாப்பிடும் இடம் அது. சமைத்த பண்டங்கள் கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாக இருக்கும். மொழி தெரிய வேண்டாம், கையைக் காட்டினால் போதும். எமினோனு, சிர்கெஜி சந்துகளில் இவை நிறைய உண்டு. பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். மூன்று மணிக்கு மேல் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும்.

‘பிலாவ் உஸ்து குரு’ என்று கேளுங்கள். சோற்றின் மேல் வெள்ளை பீன்ஸ் குழம்பு ஊற்றித் தருவார்கள். துருக்கி மக்களின் அன்றாடச் சாப்பாடு என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான், கபாப் அல்ல. சுலைமானியே மசூதிக்கு எதிரே உள்ள வரிசைக் கடைகள் இந்தப் பீன்ஸுக்குப் பேர்போனவை. பசி குறைவா? ‘அஸ்’ என்று சொன்னால் அளவைக் குறைத்துத் தருவார்கள், விலையும் குறையும். லோகந்தாக்களில் ரொட்டிக்குப் பெரும்பாலும் தனிக் காசு கிடையாது.

இஸ்தான்புல் மாநகராட்சி 2022 முதல் ‘கென்ட் லோகந்தாசி’ என்ற மலிவு உணவகங்களை நடத்துகிறது. அருகில் இருந்தால் தயங்காமல் போங்கள்.

நான் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

நிச்சயமாக இல்லை. ஆனால் ஏமாறும் இடங்கள் இருக்கின்றன, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்ணுக்கு இறைச்சி தெரியவில்லை என்பதால் அது சைவம் ஆகிவிடாது. மேலே சொன்ன பீன்ஸில் இறைச்சித் துண்டு கிடக்கலாம். சோற்றையும் சூப்பையும் எலும்புச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. ‘எத்ஸிஸ்’ என்றால் இறைச்சி இல்லாதது. அதோடு நிறுத்தாதீர்கள். ‘எத் சுயு வார் மி?’, அதாவது இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நம்பிச் சாப்பிட ‘ஸெய்தின்யாலி’ வகை இருக்கிறது. பச்சை பீன்ஸ், கூனைப்பூ, கத்தரிக்காய் போன்றவற்றை ஆலிவ் எண்ணெயில் சமைத்து, ஆறவைத்துப் பரிமாறுவது. கத்தரிக்காயில் வெங்காயமும் தக்காளியும் அடைத்த ‘இமாம் பயில்தி’யைத் தவறவிடாதீர்கள். ‘மெர்ஜிமெக்’ சூப் நம் மைசூர் பருப்பில் செய்வதுதான். எலுமிச்சை பிழிந்து குடித்தால் வயிறு குளிரும். சாறு பற்றி அங்கேயும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ‘சீ கோஃப்தே’. ஒரு காலத்தில் பச்சை இறைச்சியில் செய்தது, இப்போது தெருக் கடைகளில் விற்பது கோதுமை ரவையும் மிளகாய் விழுதும் பிசைந்தது. மெல்லிய ரொட்டியில் கீரை இலையோடு சுருட்டி, மாதுளைப் புளிப்பு ஊற்றித் தருவார்கள். காரம் பழகிய நாக்குக்கு அருமை, விலையும் மிகக் குறைவு.

காலை உணவுக்கு என்ன செய்வது?

மேஜை நிறையக் கிண்ணங்கள் பரப்பும் ‘செர்ப்மே கஹ்வால்தி’ விலை கூடியது, ஒரு நாள் போதும். மற்ற நாட்களில் எள் ஒட்டிய வளைய ரொட்டியான ‘சிமித்’, கொஞ்சம் வெள்ளைப் பாலாடைக்கட்டி, தக்காளி, ஒரு கண்ணாடிக் குவளை சாய். பிம், ஷோக் போன்ற சங்கிலிக் கடைகளில் பாலாடைக்கட்டியும் ஆலிவும் வாங்கி வைத்துக்கொண்டால் செலவு இன்னும் குறையும்.

தெருவோரம் விற்கும் மித்யே தோல்மா சாப்பிடலாமா?

சோறு அடைத்த சிப்பி அது. ருசி அபாரம். வெயிலில் தட்டை வைத்துக் காத்திருப்பவரிடம் வேண்டாம், கூட்டம் மொய்க்கும் கடையில் சாப்பிடுங்கள். போதும் என்று சொல்லும்வரை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே இருப்பார், கடைசியில் ஓடுகளை எண்ணிக் காசு வாங்குவார். அதனால் ஒன்றின் விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேட்காத பண்டத்துக்கும் பில் போடுகிறார்களாமே?

மீன் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் அப்படி நடக்கும். சிறு தட்டுகளை அவர்களாகவே கொண்டுவந்து வைத்தால், வேண்டாததை உடனே திருப்பி அனுப்புங்கள். மீனை எடைபோட்டு விற்றால், சமைக்கும் முன் மொத்த விலையைக் கேளுங்கள். ‘நே கதர்?’ என்ற இரண்டு சொல் போதும். லிரா விலைகள் வேகமாக மாறுவதால் பழைய பயணக் குறிப்பில் பார்த்த விலையைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள்.

ஒரே ஒரு மாலை மட்டும் மிச்சம் இருக்கிறது. எங்கே போகலாம்?

எமினோனுவில் படகு ஏறி, ஆசியக் கரையில் உள்ள காதிக்கோய் பகுதிக்குப் போங்கள். படகிலேயே சாய் கிடைக்கும். இறங்கியதும் சந்தைத் தெருவில், மெல்லிய ரொட்டி மேல் கொத்திறைச்சி தடவிச் சுட்ட லஹ்மாஜுன் ஒன்று வாங்கி, பார்ஸ்லி இலையை அள்ளிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, சுருட்டிச் சாப்பிடுங்கள். கூடவே உப்பு போட்ட மோர் மாதிரி ஓர் அய்ரான். கடைசிப் படகு நேரத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.