ஒரே செடியில் மட்டும் ஊதாக் கொழுந்து ஏன்?

கேள்வி: எங்கள் தேயிலை தாத்தா காலத்தில் விதை போட்டு வளர்த்தது. அதில் ஒரு செடி மட்டும் எப்போதும் ஊதாவாகவே துளிர்க்கிறது. நோய், பிடுங்கிப் போடு என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. அதன் விதையை எடுத்து ஊதாத் தோட்டமே போடலாமா? – ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: பிடுங்கிவிடாதீர்கள் அம்மா. முதலில் ஒன்றைக் கவனியுங்கள். கவ்வாத்து வெட்டிய பிறகு வரும் துளிரும் ஊதாவா? மழைக்காலத்திலும் அப்படியேவா? ஆமாம் என்றால் அது பெரும்பாலும் பிறவிக் குணம்தான். பனியிலும் கடும் வெயிலிலும் மட்டும் சிவந்தால் அது பருவத்தின் வேலை. ஊதாச் செடியிலும் இலை முற்றினால் பச்சையாகிவிடும். அதனால் கொழுந்தை மட்டும் பாருங்கள்.

அந்த நிறம் ஆந்தோசயனின். நாவல்பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் தருவதும் அதுவே. அதைத் தயாரிக்கும் ஜீன்கள் பச்சைச் செடியிலும் உண்டு, ஆனால் அடங்கிக் கிடக்கும். சீனாவின் யுன்னானில், மெங்ஹாய் ஆராய்ச்சி நிலையத் தோட்டத்தில் 1985-ல் இப்படித்தான் ஓர் ஊதாச் செடி கண்ணில் பட்டது. ‘ஜிஜுவான்’ ரகம் அதிலிருந்து வந்தது. அதன் ரகசியம் 2016-ல் ஓரளவு பிடிபட்டது: நிறம் தயாரிக்கும் ஜீன்களை எழுப்பிவிடும் சிஎஸ்-ஏஎன்1 என்ற ஜீன் அதில் விழித்திருக்கிறது. வழக்கமாக அந்த ஜீனின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகள் ஒட்டிக்கொண்டு அதை அடக்கி வைக்கும். ஜிஜுவானில் அந்தக் குறிகள் குறைவு. உங்கள் செடியிலும் இதே கதைதான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்; ஊதாவாக வேறு வழிகளும் உண்டு.

விதை வேண்டாம். தேயிலை தன் மகரந்தத்தைத் தானே அவ்வளவாக ஏற்காது. விதையின் 30 குரோமோசோம்களில் 15 பக்கத்துப் பச்சைச் செடி எதிலிருந்தோ வந்திருக்கும். நூறு விதை போட்டால் நூறும் ஒவ்வொரு மாதிரி நிற்கும். உங்கள் தாத்தாவின் தோட்டத்தில் இரண்டு செடி ஒன்றுபோல் இல்லாததற்கும் அதுவே காரணம். கட்டிங் போடுங்கள். கவ்வாத்துக்குப் பின் எழும்பிய, பாதி முற்றிய கிளையில் ஒரு இலை, ஒரு கணு, கீழே விரல் நீளத்தில் பாதி அளவுக்குத் தண்டு. புளிப்புத் தன்மையுள்ள மண் நிரப்பிய பாலித்தீன் பை, மேலே நிழல்வலை. கென்யாவில் 2011-ல் வெளியிட்ட டிஆர்எஃப்கே 306 என்ற ஊதா ரகம் பரவியதும் கட்டிங்கில்தான்.

காசு? இலை ஏஜென்ட் எடைக்குத்தான் தருவார், நிறத்துக்குத் தரமாட்டார். பச்சைக் கொழுந்தோடு ஒரே பையில் போட்டால் ஊதா காணாமல் போகும். தனியாக வாட்டி, உருட்டி, காயவைக்க ஆளும் இடமும் இருந்தால் இறங்குங்கள். கசப்பும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எட்டாம் நூற்றாண்டில் தேநீரைப் பற்றி நூல் எழுதிய லூ யூ, ஊதாக் கொழுந்தே உயர்ந்தது, பச்சை அடுத்தது என்று எழுதி வைத்தார். இன்றைய சீனப் பச்சைத் தேயிலைக்காரர்கள் பலர் அதே கொழுந்தை ஒதுக்கிவிடுகிறார்கள். நான் குடித்த வரையில், சூடான ஊதாத் தேநீரில் எலுமிச்சை பிழிந்து அது இளஞ்சிவப்பாவதை வேடிக்கை பார்க்கலாம். ருசிக்கு எங்கள் வீட்டில் சாதா டீதான்.

கேள்வி: வெள்ளைத் தேயிலை வெள்ளை இலைச் செடியில் இருந்து வருகிறதா? – ஒரு கல்லூரி மாணவர், கோவை

பதில்: இல்லை. சில்வர் டிப்ஸ் போன்ற வெள்ளைத் தேயிலைகள் பச்சைச் செடியின் மொட்டுதான். மேலே இருக்கும் மெல்லிய ரோமம் வெள்ளையாகக் காட்டுகிறது. நிஜமாகவே இலை வெளுக்கும் செடியும் இருக்கிறது: சீனாவின் செஜியாங் மாகாணத்து ‘ஆன்ஜி வெள்ளைத் தேயிலை’ச் செடி. வசந்தத்துக் குளிரில் அதன் இளங்கொழுந்தில் பசுங்கணிகம் சரியாக உருவாகாது, பச்சையம் குறைந்து வெளிறிவிடும்; வெயில் ஏறினால் பச்சையாகும். வெளுத்த நாளில் பறித்தால் அமினோ அமிலம் அதிகம், கசப்பு குறைவு. அதையோ பச்சைத் தேயிலை முறையில்தான் தயாரிக்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கடையில் ஏமாறாதீர்கள்.