பிளாக் ஃப்ரைடேயில் எதை வாங்காமல் விடலாம்?

தம்பி, ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் படிக்க வந்திருக்கிறீர்கள். அறை நண்பர்கள் எல்லாரும் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடிக்குப் பட்டியல் போடுகிறார்கள் என்றும், கையிலிருக்கும் சேமிப்பைக் கொண்டு எதை வாங்கக்கூடாது, ஊருக்கு எதை அனுப்பலாம், டிசம்பர் விமான டிக்கெட்டும் அன்று மலியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எதை வாங்கலாம் என்று கேட்காமல் எதை வாங்கக்கூடாது என்று கேட்டதிலேயே பாதிக் காசு தப்பித்துவிட்டது.

தள்ளுபடி பொய் என்று சொல்லமாட்டேன். நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி சொல்லும் பண்டிகை, மறுநாள் பிளாக் ஃப்ரைடே, அடுத்த திங்கள் இணையத் தள்ளுபடிக்கான சைபர் மண்டே என்பது கணக்கு. இப்போதெல்லாம் நவம்பர் பிறந்ததுமே விலையை இறக்கத் தொடங்கிவிடுகிறார்கள். விடியற்காலைக் குளிரில் கடை வாசலில் நிற்பது வேடிக்கைக்காக என்றால் நின்றுகொள்ளுங்கள். ஆனால் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் காசை விடுவது விலைச் சீட்டில் அல்ல. பொருளோடு சேர்த்துத் தலையில் கட்டப்படும் ஒப்பந்தத்திலும் கடனிலும்தான்.

முதலில் ‘இலவச’ ஐபோன். 800 டாலர் போன் சும்மா கிடைக்கும் என்று செல்போன் நிறுவனங்கள் விளம்பரம் செய்யும். உண்மையில் அந்த 800 டாலரையும் 36 மாதத் தவணையாக உங்கள் கணக்கில் எழுதிவிட்டு, மாதாமாதம் 22 டாலர் சொச்சத்தைப் பில்லில் கழித்துக்கொண்டு வருவார்கள். இதற்காக விலை கூடிய பிளானில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல சலுகைகளில் உண்டு. ஒரு வருடம் கழித்து, நண்பர்களோடு சேர்ந்து மலிவான ஃபேமிலி பிளானுக்கு மாற நினைத்தால் கழிவு அன்றோடு நின்றுவிடும். மீதி 24 மாதத் தவணை, அதாவது 500 டாலருக்கு மேல், உங்கள் தலையில் விழும். கடன் முடியும் வரை அந்தப் போன் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் சிம்மோடு பூட்டப்பட்டும் இருக்கும். படிப்பு முடிந்து எந்த ஊரில் வேலை கிடைக்கும் என்றே தெரியாத நிலையில் மூன்று வருட ஒப்பந்தம் எதற்கு?

அப்பாவுக்கு அனுப்பலாம் என்று நினைத்தால் அங்கேயும் ஒரு சிக்கல். 2022இல் வந்த ஐபோன் 14 முதல், அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் அட்டை போடும் இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதித்திருக்கும் இ-சிம் மட்டும்தான். ஊரில் இ-சிம் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் பழைய போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் புதியதில் போட்டுப் பழகியவருக்கு யார் உட்கார்ந்து மாற்றிக் கொடுப்பது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கென்று வாங்குவதில் மிகவும் வீணாவது சமையல் சாதனங்கள்தான். இங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளெண்டர், மின்சாரக் குக்கர், ஹேர் டிரையர் எதை எடுத்தாலும் அடியிலோ பின்புறமோ ஒரு சின்ன லேபிள் இருக்கும். அதில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். லேப்டாப், போன் சார்ஜர்களில் 100-240 என்று அச்சிட்டிருக்கும். அவை எங்கேயும் ஓடும். முள் மாற்றும் அடாப்டர் போட்டால் போதுமே என்பார்கள். அது பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல.

அடுத்தது கடையின் கடன் அட்டை. பில் போடும் இடத்தில், இந்த அட்டையை வாங்கினால் இன்றைக்கு இன்னும் 15 சதவீதம் குறையும் என்று புன்னகையோடு கேட்பார்கள். இவற்றின் வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தொடுவது சாதாரணம். அதைவிட மோசம், ‘12 மாதத்துக்குள் முழுவதையும் கட்டினால் வட்டி இல்லை’ என்ற வாக்கியம். 1,200 டாலருக்குப் பொருள் எடுத்து, மாதாமாதம் ஒழுங்காகக் கட்டி, கடைசியில் 100 டாலர் மட்டும் நின்றுபோனது என்று வையுங்கள். வட்டி அந்த 100க்கு அல்ல. வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் இருந்த பாக்கிக்கெல்லாம் சேர்த்துப் போடுவார்கள். 30 சதவீதத்தில் கிட்டத்தட்ட 200 டாலர் வரும். இங்கே கடன் வரலாறே இல்லாத உங்களுக்கு விண்ணப்பம் நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம். நிராகரித்தாலும், விண்ணப்பித்த தடம் இரண்டு வருடம் உங்கள் கடன் வரலாற்றில் கிடக்கும். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டிவி வாங்கியே தீரவேண்டும் என்று அறையில் பேச்சு நடக்கிறதாமே. இந்தத் தள்ளுபடிக்கென்றே சில மாடல்களைத் தயாரிக்கிறார்கள். பெட்டியில் பெயர் பெரிய நிறுவனத்தினுடையதாகவே இருக்கும். மாடல் எண்ணில் மட்டும் ஓரிரு எழுத்து மாறும். மற்ற சாதனங்களை இணைக்கும் எச்டிஎம்ஐ துளை நான்குக்குப் பதில் இரண்டோ மூன்றோ இருக்கும், வெளிச்சம் குறைவாக இருக்கும். மாடல் எண்ணை அப்படியே தேடிப் பாருங்கள். அந்த ஒரு கடையைத் தவிர வேறெங்கும் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி வருவதற்கு முன் டிவி விலை மறுபடியும் இறங்கும். பெரிய நிறுவனங்கள் மலிவு விலைக்கென்று நடத்தும் அவுட்லெட் கடைகளின் துணிகளும் இந்த ரகம்தான். அவற்றில் பெரும்பகுதி அவுட்லெட்டுக்கென்றே தைக்கப்பட்டவை. சீட்டில் அடித்துக் காட்டியிருக்கும் பழைய விலைக்கு அவை எந்தக் கடையிலும் விற்றிருக்காது.

படுக்கை விரிப்பு, துண்டு இவற்றுக்கு ஜனவரி வரை பொறுக்கலாம். ஜனவரியில் வெள்ளைத் துணிகளை மலிவாக விற்பதை 1878இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் வானமேக்கர் என்ற கடைக்காரர் தொடங்கிவைத்தார். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. கிறிஸ்துமஸ் விளக்குகள் 26ஆம் தேதி பாதி விலைக்கு வந்துவிடும். குளிர்கால மேலங்கி பிப்ரவரியில்தான் நன்றாக மலியும் என்றாலும், மின்னசோட்டா மாதிரிக் கடுங்குளிர் மாநிலத்தில் இருந்தால் அதற்காகக் காத்திருந்து நடுங்க வேண்டாம், இப்போதே வாங்கிவிடுங்கள்.

அமேசானில் எதையாவது எடுப்பதாக இருந்தால், கேமல்கேமல்கேமல் என்ற தளத்தில் அதன் முந்தைய விலைகளைப் பாருங்கள். அக்டோபரில் ஏற்றி நவம்பரில் இறக்கியிருந்தால் வரைபடத்திலேயே தெரிந்துவிடும். சீட்டில் இருக்கும் விலையோடு விற்பனை வரி தனியாக ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆரிகன், டெலவேர் போன்ற சில மாநிலங்களில்தான் அது இல்லை.

லேப்டாப், ஹெட்போன், ஹார்ட் டிஸ்க் இவை தேவையென்றால் தாராளமாக வாங்கலாம். ஊர் டிக்கெட்டுக்கு மட்டும் வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். அன்று விமான நிறுவனங்கள் அறிவிக்கும் சலுகைகளில் டிசம்பர் பின்பாதித் தேதிகளைப் பெரும்பாலும் விலக்கிவைத்திருப்பார்கள். தேர்வு முடியும் தேதி தெரிந்துவிட்டதென்றால் இன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுங்கள்.